தொட்டிலில் வைத்த பிறகு

பெருமாட்டி பஞ்சாயத்து பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிக்குப் போகும் சாலை. மேற்கே திரும்பினால் சித்தூர், அதற்கப்பால் பாலக்காடு. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் இரண்டு பக்கமும் போய் வருவார்கள். இங்கே மூன்று வகைத் தொட்டில்களைப் பார்க்கலாம். உத்தரத்தில் பழஞ்சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டும் தூளி ஒன்று. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுகிற கையகல மரத்தொட்டில் இன்னொன்று. மூன்றாவது, வளர்க்க முடியாத பிள்ளையை வைத்துவிட்டுப் போவதற்காக அரசு வைத்த தொட்டில். அது எல்லைக்கு அந்தப் பக்கமும் உண்டு, இந்தப் பக்கமும் உண்டு.

முதல் இரண்டையும் நமக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், "அதில் வைத்துவிட்டால் கவர்ன்மென்ட் பார்த்துக்கொள்ளும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எப்படிப் பார்த்துக்கொள்ளும்? வைத்த மறுநாள் காலையில் அந்தக் குழந்தை எங்கே இருக்கும், யார் முன்னால் இருக்கும்? வைத்தவளைத் தேடுவார்களா? டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படியாக நடந்து பார்த்தால் புரியாததும் இல்லை.

தமிழ்நாட்டுத் தொட்டிலிலிருந்து தொடங்குவோம். அது 1992ல் சேலம் மாவட்டத்தில், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது வந்தது. பெயரே தொட்டில் குழந்தைத் திட்டம். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கமும் சேலத்துப் பக்கமும் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்கிற கொடுமை 1980களில் பத்திரிகைகளில் வெளிவந்து நாடே பதறியிருந்தது. கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசு கேட்டது. ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காப்பகங்களிலும் தொட்டில்களை வைத்தது. 2001ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

கேரளத்துத் தொட்டில் பத்து வருஷம் கழித்து வந்தது. 2002 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, கேரள மாநில குழந்தைகள் நலக் கவுன்சில் திருவனந்தபுரத்தில் அதைத் தொடங்கியது. பெயர் அம்மத்தொட்டில். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அதன் பின்னணி பெண் சிசுக்கொலை இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் புதரோரத்திலும் கோயில் படியிலும் குழந்தைகள் விடப்பட்டதுதான். ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ, திறந்தவெளியில் கிடந்தால் ஒரு ராத்திரி தாங்காது. பிறந்த குழந்தைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. குளிரில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் உயிருக்கு ஆபத்து. முதலில் அந்த ராத்திரியைத் தாண்ட வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

வேலை செய்யும் விதம் எளிது. சாலையிலிருந்து எட்டும்படி ஒரு சிறு அறை, அதற்குள் மெத்தை விரித்த தொட்டில். குழந்தையை வைத்ததும் அதன் எடையை ஒரு உணர்கருவி உணர்ந்துகொள்ளும், உள்ளே பணியில் இருப்பவர்களுக்கு மணி அடிக்கும். வைத்தவர் நகர்ந்து போக அவகாசம் இருக்கும். உள்ளே இருந்து வருபவர் குழந்தையைத்தான் பார்ப்பார், வைத்தவரைத் துரத்த மாட்டார். குழந்தையைத் தூக்கித் துடைத்து, சூடாகப் பொதிந்து, எடை பார்த்து, தொப்புள்கொடி சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வீட்டில் பிரசவமான குழந்தையாக இருந்தால் கொடியை நூலால் கட்டியிருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. அதனால் முதல் கவலை தொற்றைப் பற்றித்தான்.

இதுவரை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். அதற்குப் பிறகு நடப்பதுதான் கதையின் பெரிய பகுதி.

குழந்தை வந்த 24 மணி நேரத்துக்குள் அதைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. சொல்வது 2015ல் நிறைவேறி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம். மத்தியச் சட்டம் என்பதால் பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே சட்டம்தான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குழு உண்டு. கேரளத்தில் பலரும் அதைச் சி.டபிள்யூ.சி. என்றே சொல்வார்கள். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர், அவர்களில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. ஆனால் கூண்டு கிடையாது, குற்றவாளி கிடையாது. குழந்தைக்கு எது நல்லது என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை.

தொட்டிலில் வந்த குழந்தையைச் சட்டம் கைவிடப்பட்ட குழந்தை என்ற கணக்கில் வைக்கிறது. அந்தச் சொல் காதுக்குக் கடுமையாக இருக்கிறது. அதன் பின்னால் வருகிற கடமையோ முக்கியமானது: அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் யாராவது இருக்கிறார்களா என்று தேடியாக வேண்டும். வேறு வழியே இல்லை. குழந்தை தொலைந்ததாக இருக்கலாம், திருடப்பட்டதாக இருக்கலாம், தாய்க்குத் தெரியாமல் வேறு யாரோ கொண்டுவந்து வைத்ததாக இருக்கலாம். தொட்டில் எதையும் விசாரிக்காது. அதனால் அந்த விசாரணையைப் பிறகு குழு செய்ய வேண்டியிருக்கிறது.

தேடுவது எப்படி? நாளிதழின் உள்பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு சிறு விளம்பரம் வரும், நாமும் பார்த்திருப்போம். மேலே குழந்தையின் போட்டோ. கீழே கண்டெடுத்த தேதி, இடம், உத்தேச வயது, அடையாளங்கள். உரிமை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் இந்த முகவரிக்கு வரவும் என்ற வாசகம். அதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கொடுக்கிறது. காணாமல்போன குழந்தைகளுக்கான இணையப் பதிவிலும் விவரம் ஏறும். போலீசும் தன் பங்குக்கு அறிக்கை தர வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேலான வயதானால் நான்கு மாதத்துக்குள்ளும் விசாரணையை முடித்து, தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று குழு அறிவிக்க வேண்டும். அதற்குள் தாய் வந்தால், அவள்தான் தாய் என்பது உறுதியானால், குழந்தை திரும்பப் போக வழி உண்டு.

எல்லாரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். தொட்டில் என்றால் ரகசியம், ஆபீசுக்குப் போனால் அம்பலம் என்று. அதனால்தான் கையெழுத்துப் போடப் பயந்து, பிரசவித்த உடம்போடு ஒரு பெண் ராத்திரி பஸ் பிடித்துத் தெரியாத ஊருக்குப் போகிறாள். நடப்பில் பத்திரிகையில் போட்டோ வருவது தொட்டிலில் விட்ட குழந்தைக்குத்தான். குழுவின் முன் நேரில் வந்து ஒப்படைத்த குழந்தைக்கு விளம்பரம் கொடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் போய் விசாரிக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. யாருடைய குழந்தை என்பது குழுவுக்குத் தெரியும். தேட வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நேரில் வந்து ஒப்படைக்கும் வழி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெற்றவர், தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையை வளர்க்க முடியாது என்று குழுவிடம் வந்து சொல்லலாம். குழு உடனே வாங்கி வைத்துக்கொள்ளாது. பேசும். ஆலோசனை சொல்பவர் ஒருவர் தாயோடு உட்காருவார். பணம்தான் பிரச்சினையா, வீட்டார் எதிர்ப்பா, உடம்பு முடியவில்லையா என்று கேட்பார். உதவி செய்தால் வைத்துக்கொள்வாள் என்றால் அந்த உதவியைத் தேடுவது முதல் வேலை. எல்லாம் பேசிய பிறகும் முடியாது என்றால், குழுவின் முன்னால் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து. கல்யாணமான தம்பதியின் குழந்தையானால் இருவரும் கையெழுத்திட வேண்டும். கல்யாணம் ஆகாத தாயானால் அவள் கையெழுத்து மட்டும் போதும், குழந்தையின் தகப்பன் யார் என்று அவனைக் கூட்டிவரச் சொல்ல மாட்டார்கள். பெற்றவரைத் தவிர வேறு யார், பாட்டியே கொண்டுவந்து கொடுத்தாலும், அது ஒப்படைப்பு ஆகாது. அந்தக் குழந்தை கைவிடப்பட்ட குழந்தையின் வழியில்தான் போகும்.

கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. யோசித்துப் பார்க்க இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிரசவித்த முதல் சில வாரங்களில் ஒரு பெண்ணின் மனம் எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பால் கட்டிக்கொண்டு வலிக்கும், தூக்கம் இராது, அழுகை காரணமில்லாமல் வரும். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவை எழுதியது எழுதியதுதான் என்று முத்திரை குத்தாமல், மனம் மாறினால் திரும்பி வா என்று ஒரு சட்டம் சொல்வது பெரிய விஷயம். வந்தால், விசாரித்துவிட்டு, கண்காணிப்போடு குழந்தையை அவளிடமே கொடுக்கலாம். தொட்டிலில் விட்டவளும் மனம் மாறி வரலாம். ஆனால் அவள் முதலில் நான்தான் தாய் என்று நிரூபித்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டவளுக்கு அந்தப் பாடு இல்லை.

அந்த இடைக்காலத்தில் குழந்தை எங்கே இருக்கும்? ஆறு வயதுக்கு உட்பட்டதானால் சிறப்புத் தத்துவள மையத்தில் இருக்கும். அரசு அங்கீகாரம் பெற்ற இல்லம் அது. நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்று அங்கே நிற்பது சில வாரம்தான், வேர் பிடிக்க வேண்டிய வயல் வேறு. ஆனாலும் அந்தச் சில வாரத்தில் தண்ணீர் தவறினால் வயலுக்குப் போவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால்தான் விசாரணைக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். கெடு தாண்டி மாதக்கணக்கில் இழுக்கும்போது இழப்பு குழந்தைக்குத்தான். மடியில் தூக்கிக் கொஞ்ச ஒரே ஆள் வேண்டிய வயதில், ஷிப்டுக்கு ஷிப்ட் முகம் மாறுகிறது.

அடுத்த பயம் போலீஸ். குழந்தையை நிராதரவாக விட்டுவிட்டுப் போவது குற்றம் என்பது உண்மை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அப்படி விட்டால் ஏழு வருஷம் வரை சிறை என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் சொன்னது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. அதே சமயம், கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைப் பற்றிய விசாரணையில் பெற்றவர் மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆக, குழுவின் வாசலுக்கு வருகிறவளுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. தாய்க்குப் பதினெட்டு வயது ஆகாதபோது மட்டும் விஷயம் வேறு. அங்கே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வழக்கு அவளுக்கு எதிரானது இல்லை, அவளைக் கெடுத்தவனுக்கு எதிரானது. அவள் பெயரும் ஊரும் வெளியே வரக் கூடாது என்பதும் சட்டம்தான்.

உண்மையில் பயப்பட வேண்டிய வழி இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் ஜனங்கள் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். "நமக்குத் தெரிந்த இடத்தில் பிள்ளை இல்லாத தம்பதி இருக்கிறார்கள், அங்கே கொடுத்துவிடலாம், ஆஸ்பத்திரிச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒருவர் வந்து பேசுவார். எல்லைப் பகுதியில் அது இன்னும் சுலபமாகத் தோன்றும். இங்கே பிறந்து அங்கே வளர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல். ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் குறைந்தது மூன்று, அதிகம் ஏழு வருஷம். காசே கைமாறாமல், முறைப்படி இல்லாமல் தத்துக் கொடுத்தாலும் தண்டனை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படி வளரும் குழந்தைக்குக் காகிதத்தில் ஒரு பொய்ப் பிறப்பு இருக்கும். பின்னாளில் சொத்திலோ நோயிலோ அது வெளியே வரும்.

குழந்தையின் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். இருபது வருஷம் கழித்து அது ஆளாகி நின்று, நான் யார் வயிற்றில் பிறந்தேன் என்று கேட்கும். ஒப்படைத்த குழந்தையானால் கோப்பில் ஏதாவது இருக்கும். தாயின் உடல்நிலை, பிரசவம் எப்படி நடந்தது, குடும்பத்தில் இருக்கும் நோய்கள், ஏன் கொடுத்தாள் என்ற காரணம். தாயின் பெயரை அவள் சம்மதமில்லாமல் தர மாட்டார்கள். ஆனாலும் காரணமாவது கிடைக்கும். தொட்டிலில் வந்த குழந்தைக்குக் கிடைப்பது ஒரு தேதியும் ஒரு நேரமும்தான்.

இந்தக் கவலை பழையது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பட்டு வணிகர் சங்கம் கட்டிய குழந்தைகள் இல்லம் ஒன்று உண்டு. அதற்கு முதல் குழந்தை வந்தது 1445ல். அங்கே விடப்பட்ட குழந்தைகள் பலவற்றின் துணியில் பாதியாக வெட்டிய பதக்கமோ நாணயமோ தைத்திருந்தது. மறுபாதி தாயிடம். என்றாவது மீட்க வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை. அந்தப் பாதி நாணயங்கள் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2000ஆம் ஆண்டு நவீனக் குழந்தைத் தொட்டில் வந்தது. பதினான்கு வருஷம் கழித்து அந்த நாடு இன்னொரு வழியையும் சட்டமாக்கியது. தாய் வேறு பெயரில் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கலாம். உண்மைப் பெயர் உறையில் மூடி முத்திரையிடப்படும். பதினாறு வயதுக்குப் பிறகு குழந்தை அதைப் பார்க்கக் கேட்கலாம். தாயின் ரகசியத்தையும் பிள்ளையின் உரிமையையும் ஒரே உறைக்குள் வைக்கப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் படுகிறது.

கேள்வி கேட்காத வாசல் தவறான கைக்கும் திறக்கும் என்பதைக் கேரளம் நேரிலேயே கண்டது. தன் சம்மதமில்லாமல் சொந்தக் குடும்பமே குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது என்று ஒரு இளம் தாய் 2021ல் போராடினாள். குழந்தை அதற்குள் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் ஒரு ஆந்திரத் தம்பதியிடம் போயிருந்தது. டி.என்.ஏ. சோதனை நடந்தது, நவம்பரில் நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் கொடுத்தது. அன்போடு தூக்கி வளர்த்த ஆந்திரத் தம்பதியும் இதில் எந்தத் தவறும் செய்யாதவர்கள். பெற்றவள் நேரில் வந்து பேசிக் கையெழுத்திடும் வழியில் இந்த மாதிரி நடக்க இடம் மிகக் குறைவு.

அப்படியானால் தொட்டிலே வேண்டாமா? வேண்டும். பாகிஸ்தானில் எதி அறக்கட்டளை தன் நிலையங்களின் வாசலில் பல வருஷமாகத் தொட்டில் வைத்திருக்கிறது. ஜப்பானில் குமமோட்டோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று 2007லிருந்து வைத்திருக்கிறது. எந்த நாட்டிலும், எந்த ஆபீசுக்கும் போக முடியாத ராத்திரி ஒன்று யாருக்காவது வரும். அப்போது குப்பைத்தொட்டிக்கும் ஓடைக்கும் பதிலாக ஒரு மெத்தை இருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் திட்டத்தைப் பற்றி, பெண் குழந்தையை வேண்டாம் என்பவர்களுக்கு அரசே வழி செய்து கொடுக்கிறதே என்று பெண்கள் அமைப்புகள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தொட்டிலில் சேர்ந்த பெண் குழந்தை பிழைத்துவிடுகிறது. அவளை வேண்டாம் என்ற வீட்டின் மனத்தைத் தொட்டில் மாற்றாது. அதற்கு வேறு வேலை செய்தாக வேண்டும்.

என் ஆசை சின்னது. எல்லாத் தொட்டிலுக்கும் பக்கத்தில், எல்லைப் பகுதியானால் மலையாளத்திலும் தமிழிலும், பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும்: நேரில் வந்து கொடுக்கலாம், பெயர் வெளியே வராது, இரண்டு மாதம் யோசிக்கலாம். கூடவே ஒரு போன் நம்பர். பிரசவ வார்டிலும் அங்கன்வாடியிலும் அதே பலகை வேண்டும். ஏனென்றால் தொட்டில் குழந்தையை மட்டும்தான் வாங்கிக்கொள்கிறது. ரத்தப்போக்கு நிற்காமல் திரும்பி நடக்கிற தாயை அது பார்ப்பதில்லை. குழுவின் அறைக்கு வந்தவளை ஒரு டாக்டரிடம் அனுப்பவாவது முடியும்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. தொட்டிலுக்குக் குழந்தை வந்ததாகச் செய்தி வந்ததும் அங்கே போய்க் கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. காரா எனப்படும் மத்திய ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, வீட்டு விசாரணை முடிந்து, வரிசைப்படிதான் வரும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைப் பிறப்பிப்பது மாவட்ட ஆட்சியர்.

நாளைக்கே நம் வரப்போரம் ஒரு குழந்தை கிடந்து அழுதால் என்ன செய்வது? முதலில் தூக்கி, ஈரத்தைத் துடைத்து, நம் உடம்புச் சூட்டோடு அணைத்துத் துணியால் மூட வேண்டும், தலையையும் சேர்த்து. சர்க்கரைத் தண்ணீரோ பசும்பாலோ புகட்டக் கூடாது. தொப்புள்கொடியை நாமே அறுக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அவசர உதவி எண் 112க்கோ போன் செய்யலாம். தகவல் சொல்ல நமக்கும் சட்டம் கொடுக்கும் நேரம் அதே 24 மணிதான். அதற்குள் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொண்டால், எவ்வளவு பாசத்தோடு வைத்திருந்தாலும், அது நம் மேல் குற்றமாகிவிடும். போனை எடுப்பவர் கேட்கப்போவது, குழந்தை எங்கே இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறதா, உடம்பு சூடாக இருக்கிறதா என்பதைத்தான்.